பாண்ட் மறைந்தால் போதுமா?

உங்கள் வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். அம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ பிரஷர் என்றால், அதில் எழுதியிருக்கிற குளிசைகளுக்குள்ளே லோசார்டன் 50 என்ற ஒன்றைக் கண்டுபிடிக்கக் கனநேரம் எடுக்காது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. இரத்தக் குழாய்களை இறுகச் சொல்லி அஞ்சியோடென்சின் II என்ற ஓமோன் உடம்பெல்லாம் ஓடித் திரியும். அதைப் பிடித்துக் கலத்துக்குள்ளே செய்தி அனுப்புகிற புரதம் ஒன்று கலமென்சவ்வில் குந்தியிருக்கிறது. ஏ.டி.1 வாங்கி என்று பெயர். (உயர்தர உயிரியலில் வருகிற வாங்கி, வகுப்பிலை இருக்கிற வாங்கு இல்லை.) லோசார்டன் போய் அந்த வாங்கியில் ஓமோனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓமோன் வந்து தட்டினாலும் திறக்க ஆளில்லை.

2022இல் நான் ஆராய்ச்சி உதவியாளராக வேலை செய்த லாப்பில் ஒரு அக்கா எம்.பில். செய்துகொண்டிருந்தா. ஊரில் பிரஷருக்கென்று குடிக்கிற ஒரு இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து, வாலில் பட்டி கட்டிக் குருதியமுக்கத்தை அளந்தா. அமுக்கம் இறங்கியது. எத்தனை தரம் அளந்தாலும் இறங்கித்தான் இருந்தது. அடுத்த கேள்வி, எப்படி இறங்குது? சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தா. சாறு குடித்த எலிகளில் ஏ.டி.1 வாங்கி குறைந்திருந்தது போல இருந்தது. அதாவது லோசார்டன் அடைத்து வைக்கிற அதே வாசலை இந்த இலை இல்லாமலே ஆக்குது. கேட்க எவ்வளவு நல்லாக இருக்கு! ஆனால் இப்படி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் எங்கள் அம்மம்மாவிடம் வந்து சேர்ந்தால், அடுத்த நாள் அவவின் குளிசைப் பக்கெற் குப்பைக்குள்ளே போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

‘குறைந்திருந்தது போல’ என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். வாங்கியை யாரும் கண்ணால் காண்பதில்லை. அக்கா கண்டது ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோடு எப்படி வருகிறது என்று சொல்ல வேண்டும். இழையத்தை அரைத்து, புரதங்களின் மடிப்புகளைக் குலைத்து, ஒரு ஜெல்லுக்குள் மின்சாரம் கொடுத்து ஓட விடுவார்கள். சின்னப் புரதம் முன்னுக்கு ஓடும், பெரியது பின்னுக்கு நிற்கும். ஓடி முடிந்ததும் எல்லாவற்றையும் கடதாசி மாதிரி மெல்லிய ஒரு மெம்பிரேனுக்கு மாற்றுவார்கள். பிறகு பால். ஓம், பால்மாதான். கொழுப்பு நீக்கிய பால்மாவை 5 சதவீதமாகக் கரைத்து மெம்பிரேனை அதற்குள் ஊற விட்டால், வெறுமையாக இருக்கிற இடமெல்லாம் பால் புரதம் ஒட்டிக்கொள்ளும், பின்னால் வருவது கண்ட இடத்தில் ஒட்டாது. நாடே பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் அதைக் கரண்டிக் கணக்கில் நிறுத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். வீட்டில் சொன்னால் ஏச்சு விழும்.

அதற்குப் பிறகுதான் கதாநாயகன். பள்ளிக்கூடத்தில் ‘பிறபொருளெதிரி’ என்று படித்தோமே, அது. லாப்புக்குள்ளே எல்லாரும் அன்ரிபொடி எண்டுதான் சொல்லுவம். ஏ.டி.1 வாங்கியை மட்டும் தேடிப் பிடிக்கும் என்று சொல்லி விற்கப்படுகிற அன்ரிபொடியை மெம்பிரேனில் ஊற்றினால், அது போய்த் தன் ஆளைப் பிடிக்கும். அதன் முதுகில் இன்னொரு அன்ரிபொடி, அதன் வாலில் ஒரு நொதியம், நொதியம் வெளிச்சம் தரும், வெளிச்சம் படத்தில் கறுப்புக் கோடாக விழும். அந்தக் கோட்டுக்குத்தான் பாண்ட் என்று பெயர். முழு வேலைக்கும் வெஸ்டர்ன் பிளொட் என்று பெயர். எட்வின் சதர்ன் என்ற ஒருவர் 1975இல் டி.என்.ஏ.க்குச் செய்த முறைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தப் பெயரைத் தென்திசையாக்கி, புரதத்துக்கு மேற்கு என்று பகிடியாக வைத்துவிட்டார்கள்.

அக்காவின் பாண்ட் 43 கிலோடால்டனில் விழுந்தது. வாங்கியின் அமினோ அமிலங்கள் 359. கணக்குப் போட்டால் 41 கிலோடால்டன் வரும். கிட்டத்தட்டச் சரி. எல்லாருக்கும் சந்தோசம்.

ஆனால் பாண்ட் சரியான உயரத்தில் விழுந்தது என்பதால் மட்டும் அது அந்தப் புரதம்தான் என்று சொல்லேலாது. கொழும்பில் 41 வயது ஆளைத் தேடிப் போனால் எத்தனை பேர் வருவார்கள்? சிறுநீரகத்தில் 43 கிலோடால்டனைச் சுற்றி ஏராளம் புரதங்கள் இருக்கின்றன. இதற்குத்தான் சேர் சொன்னார்:

“நீர் பிளொக்கிங் பெப்தைட்டைப் போட்டுப் பாரும். பாண்ட் மறைஞ்சால் விசயம் முடிஞ்சுது. ரிவியூவரும் வாயைத் திறக்கமாட்டார்.”

சேர் சும்மா சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் இந்தப் பரிசோதனை ஒரே ஒரு வரியில் இருக்கும், அந்த வரிக்குப் பிறகு அன்ரிபொடியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. பெப்தைட்டை வாங்கியதும் அவருடைய சொந்தக் கடனட்டையில்தான். 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்ட மாதங்கள் அவை. பல்கலைக்கழகத்தால் ஓடர் போட்டால் எப்ப வரும் என்று ஏஜென்றுக்கே தெரியாது. மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்குப் போன அந்தக் கிழமை அக்கா அன்ரிபொடிக் குப்பிகளை றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டு, ஜெனரேற்றர் இருக்கிற ஒரு ஐஸ்கிறீம் கடைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. இதையெல்லாம் சொல்வது பரிதாபத்துக்கு இல்லை. அந்த ஒரு பரிசோதனையில் எவ்வளவு காசும் பாடும் கிடந்தது என்று விளங்கினால்தான், பிறகு நடந்ததும் விளங்கும்.

பிளொக்கிங் பெப்தைட்டு என்றால் என்ன? அன்ரிபொடி செய்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஏ.டி.1 வாங்கி கலமென்சவ்வை ஏழு தரம் ஊடுருவித் தைத்தது போல இருக்கிற புரதம். அதை முழுதாகப் பிரித்தெடுப்பது பெரிய தலையிடி. அதனால் கம்பனிகள் அதன் ஒரு துண்டை மட்டும், ஒரு பத்து இருபது அமினோ அமிலங்களின் வரிசையை, செயற்கையாகக் கோர்த்து எடுப்பார்கள். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அமினோ அமிலம் கோர்க்கிற முறையை 1963இல் வெளியிட்டவர் புரூஸ் மெரிஃபீல்ட். 1984இல் இரசாயனவியல் நோபல் அவருக்கு. அதே 1984இல் மருத்துவ நோபல் வாங்கியவர்களில் இருவர் கோலரும் மில்ஸ்டீனும், ஒரே மாதிரியான அன்ரிபொடியை அளவில்லாமல் உற்பத்தி செய்ய வழி கண்டவர்கள். இந்த இரண்டு நோபலும் ஒன்றாகச் சேர்ந்த பொருள்தான் இண்டைக்கு லாப்புகளின் பிரீசர்களில் கிடக்கிறது.

தனித் துண்டு மிகச் சின்னது, முயலின் உடம்பு அதைக் கணக்கெடுக்காது. அதனால் கலிபோர்னியாக் கரையோரத்தில் வாழ்கிற ஒரு வகைக் கடல் நத்தையின் இரத்தத்தில் இருந்து எடுத்த பெரிய புரதம் ஒன்றில் அதைத் தொங்கவிட்டு முயலுக்கு ஊசி போடுவார்கள். முயல் எதிரிகளை உருவாக்கும். முயலின் இரத்தத்தை எடுத்து, அதே பெப்தைட்டை ஒட்டிய சின்ன மணிகளுக்கு மேலால் ஓட விட்டு, எது ஒட்டுதோ அதை மட்டும் கழற்றிக் குப்பியில் அடைப்பார்கள். இந்தக் கடைசிப் படியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ, திரும்பவும் வரும்.

பரிசோதனை இதுதான். அன்ரிபொடியை இரண்டு டியூப்பில் பிரிக்கவேண்டும். ஒன்றுக்குள் அந்தப் பெப்தைட்டைத் தாராளமாகப் போட்டு ஊற விடவேண்டும், மற்றதுக்குள் ஒன்றும் இல்லை. பெப்தைட்டு அன்ரிபொடியின் கைகளை நிரப்பிவிடும். பிறகு ஒரே ஜெல்லில் இருந்து வந்த இரண்டு மெம்பிரேன் துண்டுகளில் ஒவ்வொன்றையும் ஊற்றிப் பார்க்கவேண்டும். கை நிறைந்த அன்ரிபொடியால் வாங்கியைப் பிடிக்க முடியாது, பாண்ட் மறையும். ‘ஆகவே அந்தப் பாண்ட் உண்மையான ஏ.டி.1.’

இந்த ‘ஆகவே’க்குள்ளேதான் ஓட்டை.

உங்கள் வீட்டுத் திறப்பை எடுங்கோ. அந்தத் திறப்பு உங்கள் வீட்டை மட்டும்தான் திறக்குமா, பக்கத்து வீட்டையும் திறக்குமா என்று அறிய வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கடையில் உங்கள் வீட்டுப் பூட்டு மாதிரியே ஒரு பூட்டை வாங்கி, திறப்பை அதற்குள் செருகி, இழுக்க முடியாமல் இறுக்கிவிடுகிறீர்கள். இப்போது அந்தத் திறப்பைக் கொண்டுபோய் உங்கள் கதவில் வையுங்கோ, திறக்காது. பக்கத்து வீட்டுக் கதவில் வையுங்கோ, அதுவும் திறக்காது. முன்பு பக்கத்து வீட்டை அது திறந்துதான் இருந்தால்கூட, இப்ப திறக்காது. இதை வைத்து ‘இது என் வீட்டை மட்டும் திறக்கிற திறப்பு’ என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார்.

பெப்தைட்டுப் பரிசோதனை சொல்வது, திறப்பின் பல்லால்தான் கதவு திறந்தது, தள்ளித் திறக்கவில்லை என்பதை மட்டும். அன்ரிபொடியின் பிடிக்கிற கை அந்தப் பெப்தைட்டைப் பிடிக்கும், அந்தக் கையால்தான் மெம்பிரேனில் எதையோ பிடித்தது. அந்த ‘எதையோ’ எது என்று பரிசோதனை கேட்பதேயில்லை.

பக்கத்து வீட்டுப் பூட்டு அவ்வளவு ஒத்துப்போகுமா என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நேர்க்கோட்டு வரிசையைப் பிடிக்கிற அன்ரிபொடி அநேகமாக ஐந்தாறு அமினோ அமிலங்களைத்தான் உண்மையில் இறுகப் பிடிக்கும். அமினோ அமிலங்கள் 20 வகை. ஐந்து எழுத்துச் சொல் ஒன்று என்றால், 20ஐ ஐந்து தரம் பெருக்க, 32 இலட்சம் சொற்கள் சாத்தியம். மனிதரில் ஏறத்தாழ 20,000 புரதங்கள், ஒவ்வொன்றும் சராசரி 500 எழுத்து என்று வைத்தால் மொத்தம் ஒரு கோடி எழுத்து. ஆக எந்த ஐந்தெழுத்துச் சொல்லும் வெறும் தற்செயலிலேயே மூன்று இடத்தில் தலைகாட்டும். எலிக்கும் கணக்கு இதே அளவில்தான். கொஞ்சம் எழுத்துப் பிழையோடு இருக்கிற சொற்களையும் அன்ரிபொடி மன்னித்துப் பிடிக்கும் என்றால், மூன்று எங்கேயோ போய்விடும். அந்தப் புரதம் வாங்கியைவிட ஆயிரம் மடங்கு கூடுதலாக இருந்தால், பலவீனமான பிடியே பெரிய பாண்டாகத் தெரியும். ஏ.டி.1 போன்ற வாங்கிகள் இழையத்தில் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும், அதனால் இந்த அபாயம் இன்னும் கூட.

பெப்தைட்டைப் போடுகிற அளவையும் பாருங்கோ. வழமையாக எடையில் ஐந்து மடங்கு. ஒரு அன்ரிபொடி 150 கிலோடால்டன், பெப்தைட்டு சுமார் 2. எடையில் ஐந்து மடங்கு என்றால் எண்ணிக்கையில் 375 மடங்கு. அவ்வளவு கூட்டத்துக்குள்ளே எந்தக் கை வெறுமையாக இருக்கும்?

இப்போது ஞாபகம் வைக்கச் சொன்ன படி. அந்தக் குப்பிக்குள் இருப்பது எல்லாமே பெப்தைட்டு மணிகளில் ஒட்டிக் கழன்று வந்தவை. பெப்தைட்டைப் பிடிக்காதவை முதலே வெளியே போய்விட்டன. அப்படி இருக்க, அதே பெப்தைட்டைப் போட்டு ‘பிடிக்குதா பார்ப்பம்’ என்றால், பிடிக்காமல் என்ன செய்யும்? ஏற்கெனவே பாஸான பரீட்சையை அதே வினாத்தாளோடு திரும்ப எழுதிப் பாஸாவது மாதிரி. அந்த வினாத்தாளுக்குக் கம்பனி தனி விலையும் வாங்குகிறது என்பது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

பரிசோதனை முற்றாகக் குப்பை என்று நான் சொல்லவில்லை. மணிகளில் கழுவாத முழுச் சீரம் என்றால், அது ஒரு திறப்புக் கொத்து. முயல் தன் வாழ்நாளில் கண்ட எல்லாக் கிருமிக்கும் எதிரான அன்ரிபொடிகளும் அதற்குள் இருக்கும். அங்கே பெப்தைட்டு போட்டும் மறையாத பாண்ட் பெரும்பாலும் வேண்டாத ஒன்று என்று தள்ளிவிடலாம். இரண்டாவது அன்ரிபொடி தானாகப் போய் ஒட்டியதும் மறையாமல் நின்று காட்டிக்கொடுக்கும். சம்பந்தமில்லாத இன்னொரு பெப்தைட்டையும் ஒரு டியூப்பில் போட்டுப் பார்த்து, அதற்குப் பாண்ட் அசையவில்லை என்று காட்டினால் இன்னும் நல்லது. பொய்யைக் களைய உதவும் கருவி இது. மெய் என்று முத்திரை குத்த இதைப் பாவிக்கும்போதுதான் பிழைக்குது.

இது எங்கள் லாப்பில் யாரும் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ஜேர்னல் ஒஃப் கொம்பரேட்டிவ் நியூரோலொஜி என்ற மூளை ஆய்வுச் சஞ்சிகையில் கிளிஃபோர்ட் சேப்பரும் போல் சௌச்சென்கோவும் 2003இலேயே ‘மந்திரப் பெப்தைட்டுகள், மந்திர அன்ரிபொடிகள்’ என்ற அர்த்தத்தில் தலைப்புப் போட்டு எழுதிவிட்டார்கள். பெப்தைட்டில் ஊறவைத்தால் சாயம் மறைவதை ஆதாரமாகக் கொள்ள முடியாது, அந்தப் புரதமே இல்லாத விலங்கில் சாயம் வருகிறதா என்று பாருங்கள் என்பது அவர்களுடைய பக்கம். 2016இல் மத்தியாஸ் உலேனும் வேறு பலரும் சேர்ந்து நேச்சர் மெதட்ஸில் அன்ரிபொடியைச் சோதிக்க ஐந்து வழிகளைத் தூண்கள் என்று முன்வைத்தார்கள். மரபணுவை நீக்கிப் பார்ப்பது, அன்ரிபொடியே தேவைப்படாத வேறு முறையால் அளந்து ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பிடிக்கிற இரண்டாவது அன்ரிபொடியோடு ஒப்பிடுவது, அடையாளம் ஒட்டிய புரதத்தைக் கலத்துக்குள் ஏற்றிப் பார்ப்பது, பிடித்ததைத் திணிவு நிறமாலையில் போட்டு எது என்று வாசிப்பது. பெப்தைட்டுப் பரிசோதனை அந்த ஐந்துக்குள் இல்லை.

ஏ.டி.1க்கே வருவோம். 2012இல் ஒரு அமெரிக்க ஆய்வுக் குழு, கடைகளில் விற்கிற ஆறு ஏ.டி.1 அன்ரிபொடிகளை வாங்கிச் சோதித்தது. சுண்டெலிகளுக்கு இந்த வாங்கிக்கு இரண்டு மரபணுக்கள். பிரதானமானதை நீக்கிய நொக்கவுட் சுண்டெலிகளையும் சாதாரண சுண்டெலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினார்கள். எதிர்பார்த்த இடத்தில், 43 கிலோடால்டனில், பாண்ட் வந்தது. நொக்கவுட் சுண்டெலியிலும் வந்தது! அதே தடிப்பு. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை. அடுத்த வருசம் ஹைப்பர்டென்ஷன் சஞ்சிகையில் இன்னொரு குழுவும் இதே முடிவுக்கு வந்தது. இந்த இரண்டு கட்டுரைகளையும் நான் வாசித்தது ஒரு மின்வெட்டு இரவில், போனில், பற்றரி 20 சதவீதத்தில். முடித்துவிட்டு அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் வரவில்லை.

அடுத்த நாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டா.

“இஞ்ச பார். இந்த வாங்கியிலை மாப்பொருள் ஒட்டுற இடம் மூண்டு இருக்கு. அப்பிடி எண்டால் அது ஜெல்லிலை பரந்து, கலங்கினமாதிரி, இன்னும் மேலை நிக்கவேணும். என்ரை பாண்ட் ஏன் பிளேட்டாலை வெட்டினமாதிரி இவ்வளவு கூர்மையா இருக்கு?”

அவவுக்கு அந்தச் சந்தேகம் கட்டுரைக்கு முதலே இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

நொக்கவுட் எலிக்கு எங்கே போக? எங்களிடம் இருந்தது வேறொன்று: அதே எலிகளின் மற்ற உறுப்புகள், பிரீசரில். அதிரீனல் சுரப்பியில் ஏ.டி.1 வாங்கி நிறைய இருக்கும் என்பது கதிரியக்க அடையாளமிட்ட ஓமோனைக் கட்டிப் பார்த்த காலத்தில் இருந்தே தெரிந்த விசயம். வன்கூட்டுத் தசையில் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆகவே அதிரீனல், சிறுநீரகம், தசை மூன்றையும் ஒரே அளவு புரதத்தில் ஒரே ஜெல்லில் ஓட்டினால், உண்மையான அன்ரிபொடி அதிரீனலில் தடித்த பாண்டும் தசையில் மங்கலும் காட்ட வேண்டும். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பெப்தைட்டோடும் இல்லாமலும் இரண்டு மெம்பிரேன்.

பெப்தைட்டு இல்லாத மெம்பிரேனில் ஆகத் தடித்த பாண்ட் தசையில் இருந்தது. அதிரீனலில் இருந்ததுதான் ஆக மெல்லிசு. பெப்தைட்டு போட்ட மெம்பிரேன் வெள்ளை வெளேரென்று கிடந்தது, மூன்று உறுப்பிலும். பரிசோதனை நூற்றுக்கு நூறு வெற்றி. எங்களுக்குத் தேவையில்லாத ஏதோ ஒரு தசைப் புரதத்தைப் பிடித்த பாண்டையும் அது அவ்வளவு அழகாக மறைத்துவிட்டது.

அக்கா கையுறையைக் கழற்றாமல் கனநேரம் ஸ்டூலில் இருந்தா. பிறகு, “படத்தைச் சேருக்கு அனுப்பு, ஒண்டும் எழுதாதை, படம் மட்டும் காணும்” என்றா.

சேர் ஒரு கிழமை கதைக்கவில்லை. எனக்கு அதில் கோபம் வந்தது, இப்ப யோசிக்க அவருடைய பக்கமும் தெரிகிறது. கடனட்டையில் வாங்கிய பெப்தைட்டு, பாதி எழுதி முடித்த கட்டுரை, அவர் பெயரில் இருந்த நிதி, எல்லாம் அந்த 43இல்தான் நின்றன. ஒரு நாள் பின்னேரம் வந்து சொன்னார்: “அளவு பிழைச்சிருக்கும். திரும்ப ஓட்டும்.” அக்கா ஓட்டினா. “புது எலியிலை ஓட்டும்.” ஓட்டினா. மூன்றாம் தரம் அவரே வந்து பக்கத்தில் நின்று பிப்பெற் பிடித்தார். தசைப் பாண்ட் அசையவில்லை.

“எல்லாரும் இதைத்தானே போடுகினம்,” என்றார் சேர், கடைசியாக. வாதாடுகிற குரலில் இல்லை.

“ஓம் சேர். அவையின்ரை எலியின்ரை தசையை அவை பாக்கேல்லை,” என்றா அக்கா.

மூன்றாம் அத்தியாயம் கழன்றது. பதிலுக்கு, அன்ரிபொடியே தேவைப்படாத வழி ஒன்றைச் செய்தா. கொரோனாவோடு எல்லார் வாயிலும் வந்த பி.சி.ஆர். முறையால், வாங்கியைச் செய்யச் சொல்லுகிற எம்.ஆர்.என்.ஏ.யை அளந்தா. சாறு குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசம் இல்லை. எம்.ஆர்.என்.ஏ. மாறாமலே புரதம் குறையலாம் என்பது உண்மைதான், அதையும் ஒளிக்காமல் எழுதினா. ஆனால் ‘இலை லோசார்டனின் வாசலை மூடுகிறது’ என்ற வசனம் ஆய்வேட்டில் எங்கேயும் இல்லை. குருதியமுக்கம் இறங்குகிறது, வழி தெரியாது. அவ்வளவுதான். பத்திரிகைக்காரர் யாரும் வரவில்லை. ஒன்பது மாதப் புலமைப்பரிசில் நீடிப்பு வேண்டியிருந்தது, ஐந்து மாதம்தான் கிடைத்தது, மிச்சத்துக்கு அக்கா ரியூசன் கொடுத்தா.

ஒன்றை மட்டும் பிறகு பார்த்து ஆறுதல்பட்டேன். மொன்றியலில் இருந்து வேலை செய்கிற வைகாரோஸ் என்ற குழு, கம்பனிகளே கொடுத்த அன்ரிபொடிகளை நொக்கவுட் கலங்களோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பகிரங்கமாக வெளியிடுகிறது. 65 புரதங்களுக்கு எதிரான 614 அன்ரிபொடிகளைச் சோதித்த முடிவு 2023இல் வந்தது. அந்த அறிக்கையின்படி, தன் ஆளைப் பிடிக்கத் தெரியாத அன்ரிபொடியை வைத்து எழுதிய கட்டுரைகள் புரதம் ஒன்றுக்குச் சராசரி 12. கம்பனிகள் சிலவற்றை விற்பனையில் இருந்து எடுத்துவிட்டன, பலவற்றின் சிபாரிசை மாற்றின. ஒரு பெரிய லாப் இல்லாதவர்களும் ஓடர் போடுவதற்கு முதல் இவர்களுடைய படங்களைச் சும்மா பார்க்கலாம், காசில்லை. 2022இல் எங்கள் கண்ணில் இது பட்டிருந்தாலும் ஏ.டி.1க்கு உதவியிருக்குமோ தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்து, ‘நொக்கவுட் எங்கே?’ என்று கேட்கிற பழக்கமாவது முதலே வந்திருக்கும்.

அந்த மூன்று உறுப்பு மெம்பிரேனை அக்கா எறியவில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போட்டா. கீழே எழுதியிருந்தது: ‘43 கிலோடால்டனில் உள்ள பாண்ட் பெப்தைட்டினால் மறைகிறது. அது எந்தப் புரதம் என்று இந்த ஆய்வில் கண்டறியப்படவில்லை.’ கம்பனியின் பெயர், கட்டலொக் இலக்கம், லொட் இலக்கம், எல்லாம்.

வாய்மொழிப் பரீட்சை முடிந்து அக்கா வெளியே வந்ததும் என்ன கேட்டவை என்று ஓடிப்போய்க் கேட்டேன். குருதியமுக்கம் அளந்த முறையில் இரண்டு கேள்வி, புள்ளிவிபரத்தில் ஒன்று. வெளியே இருந்து வந்த பரீட்சகர் பின்னிணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். எழும்பிப் போகும்போது மட்டும் பேனையை எடுத்து, அந்த லொட் இலக்கத்தைத் தன் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு போனாராம்.